அத்தியாயம் 9: வில்லேஜ் ஹாலில் பெல்லி டான்ஸ்

நவம்பர் பிறந்துவிட்டால் இங்கிலாந்துக் கிராமத்தில் நாலரை மணிக்கே இருட்டிவிடும். இருக்கிற ஒரே கடையையும் சீக்கிரம் அடைத்துவிடுவார்கள். பப் திறந்திருக்கும்; ஆனால் தனியாகப் போய் உட்கார நம்மில் பலருக்குக் கால் வராது. வீட்டில் ஒருவர் மருத்துவமனைக்கோ முதியோர் இல்லத்துக்கோ இரவு ஷிஃப்டுக்குப் போய்விட, மற்றவர் ஹீட்டர் பக்கத்தில் ஃபோனைத் தடவிக்கொண்டிருக்கும் மாலைகள் அவை. அந்த இருட்டைக் கழிக்க ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் இடம்தான் வில்லேஜ் ஹால்.

இங்கிலாந்து முழுவதும் இப்படிச் சுமார் 10,000 கூடங்கள் இருக்கின்றன. முதல் உலகப்போரில் இறந்த ஊர்ப் பிள்ளைகளின் நினைவாகக் கட்டப்பட்டவை பல. அதனால் மெமோரியல் ஹால் என்றும் பெயர் இருக்கும். ஊர்க்காரர்களே கமிட்டி அமைத்து, சம்பளம் வாங்காமல் நடத்துகிறார்கள். வாசலில் கண்ணாடி போட்ட அறிவிப்புப் பலகை ஒன்று தொங்கும். திங்கள் பிலாட்டீஸ், செவ்வாய் பாட்மின்டன், மாதம் ஒருமுறை விமென்ஸ் இன்ஸ்டிட்யூட் கூட்டம் என்று வரிசையாக ஒட்டியிருக்கும் தாள்களுக்கு நடுவே பல ஊர்களில் ஊதா நிறத் தாள் ஒன்றும் இருக்கும்: பெல்லி டான்ஸ், தொடக்க நிலை, அனைத்து வயதினரும் வரலாம்.

அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறவர்களுக்காகத்தான் இந்த அத்தியாயம். பெல்லி டான்ஸ் என்றதும் நமக்கு நினைவு வருவது வில்லனின் குகையில் ஆடும் சினிமாப் பாட்டு. வில்லேஜ் ஹாலில் அதைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். அங்கே இருப்பவர்கள் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, தபால் நிலையத்தில் வேலை பார்ப்பவர், கால்நடை மருத்துவரின் உதவியாளர், பேரப்பிள்ளை எடுத்த பாட்டி. வயிறு தெரியும்படி யாரும் உடுத்தியிருக்க மாட்டார்கள். அந்தக் குளிரில் உடுத்தவும் முடியாது.

ஆட்டம் எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போவது நல்லது. எகிப்தில் இதன் மேடை வடிவத்துக்கு ரக்ஸ் ஷர்க்கி என்று பெயர். கல்யாண வீட்டிலும் தெருவிலும் ஜனங்கள் ஆடுவது பலதி. டமாஸ்கஸில் பிறந்த பதியா மஸாப்னி 1926-இல் கெய்ரோவில் திறந்த கேளிக்கை அரங்கில்தான் மேடை வடிவம் உருத்திரண்டது. சமியா கமாலும் தஹியா கரியோகாவும் அங்கே பயின்றுதான் எகிப்திய சினிமாவுக்குப் போனார்கள். 1959-இல் மஹ்மூத் ரெடா தொடங்கிய குழு நாட்டுப்புற ஆட்டங்களை மேடைக்குக் கொண்டுவந்தது. பெல்லி டான்ஸ் என்ற பெயர் மேற்கு நாட்டார் வைத்தது. 1893 சிகாகோ உலகக் கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்கா முழுக்கப் பரவியது. எகிப்தியரோ துருக்கியரோ வயிற்றை மட்டும் ஆட்டுவதில்லை. இடுப்பு, மார்புக்கூடு, தோள், கை எல்லாம் தனித்தனியாக இயங்கும்.

ஒரு வகுப்பில் எந்த வகை சொல்லித்தருகிறார்கள் என்பது முக்கியம். எகிப்திய முறை நிதானமானது. அசைவு சிறிது, இசையோடு ஒட்டியது. துருக்கிய முறை துள்ளலானது. ட்ரைபல் என்று போட்டிருந்தால் அது வேறு சங்கதி. 1987-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கரோலினா நெரிச்சியோ தொடங்கிய குழுவிலிருந்து கிளைத்த பாணி அது. ஒருவர் கைச்சைகை காட்ட மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு சேர்ந்து ஆடுவார்கள். முன்கூட்டியே அமைத்த நடனம் கிடையாது. கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இந்தக் குழு ஆட்டம் ஒத்துவரும். இசையில் நாட்டம் உள்ளவர்கள் எகிப்திய வகுப்பைத் தேடுங்கள் என்பேன்.

சேருமுன் ஒரு ஃபோன்

இங்கிலாந்தில் பெரியவர்களுக்கு நடனம் சொல்லித்தரச் சட்டப்படி எந்தச் சான்றிதழும் தேவையில்லை. ஒரு வாரயிறுதிப் பயிலரங்குக்குப் போய்விட்டு வந்தவரும் தாள் ஒட்டலாம். முப்பது வருடம் கெய்ரோவுக்குப் போய்வந்து கற்றவரும் ஒட்டலாம். பெரிய நகரமென்றால் நாலு வகுப்பு பார்த்து ஒன்றில் சேரலாம். கிராமத்தில் ஒன்றுதான் இருக்கும். அடுத்தது இருபது மைல் தள்ளி. ஆகவே தாளில் இருக்கும் எண்ணுக்கு ஒரு ஃபோன் போட்டுவிடுங்கள். பணிவாக, ஆனால் தெளிவாகக் கேளுங்கள்.

முதலில் கேட்க வேண்டியது, அவர் யாரிடம் கற்றார் என்பது. நல்ல ஆசிரியர் இந்தக் கேள்விக்குச் சந்தோஷப்படுவார். பெயர் பெயராகச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். ஆசிரியர் பயிற்சி பெற்றிருக்கிறாரா என்றும் கேட்கலாம். ஜோசஃபின் வைஸ் அகாடமி ஆஃப் அராபிக் டான்ஸ் போன்ற அமைப்புகள் இங்கிலாந்தில் அதற்கென்றே படிப்பு நடத்தியிருக்கின்றன. அடுத்தது, பப்ளிக் லயபிலிட்டி இன்ஷூரன்ஸ் உண்டா? நீங்கள் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தால் பேச்சு அங்கேதான் வந்து நிற்கும். மூன்றாவதாக, என்ன இசைக்கு ஆடுகிறீர்கள் என்று கேளுங்கள். அரபு இசை ஒன்றுகூட இல்லாமல் ஆங்கில பாப் பாட்டுக்கே ஆடும் வகுப்பு நல்ல உடற்பயிற்சியாக இருக்கலாம். இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள அது போதாது.

கட்டணம் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கு 7 முதல் 12 பவுண்டுக்குள் இருக்கும். ஆறு வாரமோ பத்து வாரமோ மொத்தமாகக் கட்டினால் சற்றுக் குறையும். ஆனால் அப்படிக் கட்டிவிட்டு ஒரு வாரம் போகவில்லை என்றால் பணம் திரும்பாது. கூடத்துக்கு வாடகை ஆசிரியர் கொடுத்தாக வேண்டும். எட்டுப் பேர் வந்தாலும் மூன்று பேர் வந்தாலும் அதே வாடகை. ஷிஃப்ட் வேலைக்காரர்கள் இதை முதலிலேயே சொல்லி, வந்த வாரத்துக்கு மட்டும் கட்ட முடியுமா என்று கேட்டுவிடுங்கள். பலர் ஒத்துக்கொள்வார்கள்.

ஆண்கள் வரலாமா என்பதையும் ஃபோனிலேயே கேட்டுவிட வேண்டும். எகிப்தில் டிட்டோ சைஃப் போலப் புகழ்பெற்ற ஆண் ஆட்டக்காரர்கள் உண்டு, ஆட்டத்தில் தடையில்லை. ஆனால் சில வகுப்புகளைப் பெண்களுக்கு மட்டுமாக வைத்திருப்பார்கள். வாசலில் நின்று சங்கடப்படுவதைவிட முன்பே தெரிந்துகொள்வது மேல்.

கர்ப்பமாக இருப்பவர்கள், சமீபத்தில் பிரசவமோ அறுவை சிகிச்சையோ ஆனவர்கள், முதுகுத் தட்டில் பிரச்சினை உள்ளவர்கள் குடும்ப மருத்துவரான ஜி.பி.யிடம் கேட்டுவிட்டுப் போங்கள். முதல் நாள் ஒரு உடல்நலப் படிவம் நீட்டுவார்கள். அதில் எல்லாவற்றுக்கும் இல்லை என்று டிக் போட்டுத் தள்ளிவிடுவது நம் பழக்கம். அந்தப் படிவத்தைப் பார்த்துத்தான் யாரைக் குனியச் சொல்லலாம், யாரைச் சொல்லக்கூடாது என்று ஆசிரியர் முடிவு செய்கிறார்.

என்ன உடுத்துவது

லெக்கிங்ஸ், உடம்போடு ஒட்டிய டி-ஷர்ட். சுடிதார் டாப் வேண்டாம். இடுப்பு அசைகிறதா இல்லையா என்று ஆசிரியருக்குத் தெரியாது. மேலே ஒரு ஸ்வெட்டர், ஏனென்றால் முதல் பதினைந்து நிமிடம் கூடம் உறைந்து கிடக்கும். சில கூடங்களில் ஹீட்டர் நாணயம் போட்டால்தான் எரியும்.

தரையைக் கவனியுங்கள். பாட்மின்டன் கோடு போட்ட மரத்தரை என்றால் வெறுங்கால் சுகம். கான்கிரீட்மேல் வினைல் ஒட்டிய தரையில் ஒரு மணி நேரம் ஷிம்மி (இடுப்பை வேகமாக நடுக்கும் அசைவு) செய்தால் மறுநாள் முழங்கால் பேசும். மெல்லிய அடியுள்ள நடனக் காலணி வாங்கிக்கொள்ளுங்கள். வழவழப்பான சாக்ஸ் மட்டும் போட்டுக்கொண்டு ஆடாதீர்கள்.

இடுப்பில் கட்டும் காசு வைத்த துணி, ஹிப் ஸ்கார்ஃப், முதல் நாளே வாங்க வேண்டியதில்லை. ஆசிரியரிடம் ஒரு பை நிறைய இருக்கும்; எடுத்துக் கட்டிக்கொள்ளலாம். அந்தச் சலசலப்பு உற்சாகம் தருவது உண்மை. ஆனால் பத்துப் பேர் கட்டிக்கொண்டு ஆடினால் பாட்டில் அரபு முழவான தபலா கேட்காது என்று சில ஆசிரியர்கள் அதை அனுமதிப்பதில்லை. என் கட்சியும் அதுதான்.

முதல் மாலை

வில்லேஜ் ஹாலில் கண்ணாடிச் சுவர் இருக்காது. இரவானதும் பெரிய ஜன்னல்களில் உங்கள் நிழலுருவம் தெரியும். திரையை இழுத்துவிட்டால் அதுவும் போச்சு. ஆகவே ஆசிரியரின் முதுகைப் பார்த்து ஆடக் கற்க வேண்டும். பின்வரிசையில் ஒளியாதீர்கள். இரண்டாவது வரிசையில், அவர் பாதமும் முழங்காலும் தெரிகிற இடத்தில் நில்லுங்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

நிற்கும் முறையிலிருந்து தொடங்குவார்கள். பாதங்கள் இடுப்பகலத்தில், விரல்கள் நேராக முன்னோக்கி. முழங்கால் பூட்டாமல் லேசாகத் தளர்ந்திருக்கும். வால் எலும்பு தரையைப் பார்க்கும். பின்புறத்தைத் தள்ளிக்கொண்டு நின்றால் கீழ் முதுகு வலி நிச்சயம். மார்புக்கூடு சற்று உயர்ந்து, தோள் தளர்ந்து விழுந்திருக்கும். இந்த நிலை வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பிறகு ஹிப் டிராப். எடையை இடது காலில் வைத்து, வலது பாதத்தின் முன்பகுதியை மட்டும் ஓரடி முன்னால் ஊன்றுங்கள். இரண்டு முழங்காலும் தளர்ந்திருக்கட்டும். இப்போது வலது முழங்காலை நீட்டினால் வலது இடுப்பு தானாக மேலே போகும். இடுப்பில் குடம் வைக்கும்போது ஒரு பக்கத்தை ஏற்றிக் கொடுப்போமே, அந்த ஏற்றம்தான். முழங்காலை மறுபடி மடக்கிவிட்டால் இடுப்பு விழும். விழுவது தாளத்தில் விழ வேண்டும். புதியவர்கள் எல்லாரும் இடுப்பை வெளிப்பக்கமாகத் தள்ளுவார்கள். அசைவது இடுப்பு, அசைக்கிறது முழங்கால். மேலுடம்பு அலுங்கக் கூடாது.

ஷிம்மியும் இதே முழங்கால் வித்தைதான். இரண்டு குதிகாலும் தரையில் பதிந்திருக்க, ஒரு முழங்கால் முன்னால் வர மற்றது பின்னால் போக, மாறி மாறி. முதலில் மிக மெதுவாக, பிறகு இரட்டிப்பு வேகம், பிறகு அதற்கும் இரட்டிப்பு. வேகம் வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொள்வோம், பல்லைக் கடிப்போம், உடனே தொடை இறுகி ஷிம்மி நின்றுவிடும். அதனால்தான் ஆசிரியர் அந்த நேரம் பார்த்து உங்களிடம் வானிலை பற்றிப் பேச்சுக் கொடுப்பார். பதில் சொல்லிக்கொண்டே ஆட முடிந்தால் உடம்பு தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். வீட்டில் சமைக்கும்போது, அடுப்பின் முன் நின்று இரண்டு நிமிடம் பழகுங்கள். வாரம் ஒரு மணி நேர வகுப்பு மட்டும் போதாது. தினம் இரண்டு நிமிடம் செய்தவருக்கு ஆறாவது வாரத்தில் ஷிம்மி பிடிபட்டிருக்கும்.

எட்டு எண் வடிவத்தில் இடுப்பைச் சுற்றும் ஃபிகர் எயிட், மார்பிலிருந்து வயிறு வரை அலையாக இறங்கும் கேமல், இவையெல்லாம் இரண்டாம் மூன்றாம் வாரங்களில் வரும். அவற்றை எழுத்தில் விளக்கினால் குழப்பமே மிஞ்சும்.

எழுத்தில் சொல்லக்கூடியது தாளம். இதைத் தெரிந்துகொண்டு போனால் வகுப்பில் உங்கள் கை ஓங்கும். அரபுத் தபலாவில் இரண்டு அடிப்படைச் சொல்: நடுத்தோலில் அடிக்கும் ஆழ்ந்த தும், விளிம்பில் அடிக்கும் கூர்மையான தக். எட்டு அட்சரத்தில் மக்ஸூம் தாளம் இப்படிப் போகும்: தும் தக் – தக் தும் – தக் –. இரண்டாவது இடத்திலும் தும் வந்துவிட்டால் அது பலதி: தும் தும் – தக் தும் – தக் –. நடுவில் தும் இரட்டையாக விழுந்தால் ஸயீதி, மேல் எகிப்தின் தாளம், கம்பு வைத்து ஆடுவது: தும் தக் – தும் தும் – தக் –. தொடையில் தட்டிப் பாருங்கள். தும் எங்கே விழுகிறதோ அங்கே இடுப்பு விழும். சபாவில் தொடையில் தாளம் போட்டு வளர்ந்தவர்களுக்கு இது ஒரு மாலை வேலை. தாளத்தைத் தனியாகக் கேட்டுப் பழக, கெய்ரோவில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த ஹொஸாம் ராம்ஸி (1953–2019) பதிவு செய்த தாள ஆல்பங்கள் நல்ல துணை. எகிப்தியப் பாடகி உம் குல்தூமின் இன்த்த உம்ரி, 1964-இல் அப்துல் வஹாப் இசையமைத்தது, ஆட்டக்காரர்கள் எல்லாரும் ஒருநாள் ஆடிப் பார்க்க விரும்பும் பாட்டு. இப்போதே கேட்டு வையுங்கள்.

பரதம் படித்தவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் தொடை பலமும் தாள ஞானமும் கைகொடுக்கும். கழுத்தை இருபுறமும் அசைக்கும் அட்டமி இங்கேயும் உண்டு. அதைச் செய்து காட்டினால் வகுப்பே வாயைப் பிளக்கும். தொல்லை வேறு இடத்தில். அரைமண்டியில் முழங்கால் பக்கவாட்டில் விரியும். இங்கே நேராக முன்னோக்க வேண்டும். அங்கே உடற்பகுதி ஒரே கட்டாக நிற்கும். இங்கே மார்புக்கூட்டையும் இடுப்பையும் பிரித்து இயக்க வேண்டும். அங்கே தட்டி மிதிக்கிறோம். இங்கே பாதம் சத்தமில்லாமல் பதியும். எதுவுமே படிக்காமல் வந்த பக்கத்து வீட்டு அம்மாள் உங்களைவிடச் சீக்கிரம் தளர்ந்து ஆடுவார். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கூடத்து நடைமுறை

ஆசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். மேடம், டீச்சர் என்றால் அவருக்குக் கூச்சமாக இருக்கும். காலில் விழுவதோ தட்சணையோ கிடையாது. உறையில் போட்ட கட்டணம் போதும். ஏழு மணி வகுப்புக்கு ஆறு ஐம்பதுக்கு இருங்கள். முடிந்ததும் நாற்காலிகளை எடுத்து அடுக்க உதவுங்கள். அடுக்காமல் போகிறவரை யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஞாபகம் வைத்திருப்பார்கள்.

தேநீர் இடைவேளை இருந்தால் தவறவிடாதீர்கள். நல்ல எலக்ட்ரீஷியன் யார், எந்த ஜி.பி.யிடம் சீக்கிரம் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கும், எந்தப் பள்ளியில் இடம் காலி என்ற செய்திகள் எல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில்தான் கைமாறும். ஊரில் பத்து வருடம் இருந்தும் அக்கம்பக்கத்துக்குக் கையசைப்பதோடு நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு குளிர்காலம் முழுக்க இடுப்பை ஆட்டத் தெரியாமல் சேர்ந்து சிரித்தவர்கள் அப்படி நிற்பதில்லை.

ஆங்கிலேயப் பாராட்டை எடைபோடக் கற்றுக்கொள்ளுங்கள். லவ்லி என்பது எல்லாருக்கும் எல்லாவற்றுக்கும் சொல்வது. அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். உங்களைத் திருத்த ஆசிரியர் தயங்குவார், புண்படுத்திவிடுவோமோ என்று. என் முழங்காலைக் கொஞ்சம் பாருங்கள் என்று நீங்களாகக் கேட்டால் மகிழ்ச்சியாகத் திருத்துவார்.

படம் எடுப்பதில் கறாராக இருங்கள். வகுப்பைப் படம் பிடித்து ஃபேஸ்புக்கில் போடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. நான் படத்தில் இருக்க விரும்பவில்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டால் மதித்து நடப்பார்கள். ஊரில் இருக்கும் மாமியார் வாட்ஸாப்பில் பார்த்துவிட்டார் என்று பிறகு அல்லாடத் தேவையிருக்காது.

போய்வரும் வழியையும் யோசியுங்கள். பல கிராமங்களில் கடைசி பஸ் மாலை ஆறு மணியோடு சரி. நடந்து திரும்புவதென்றால் கிராமச் சந்துகளில் நடைபாதையும் இருக்காது, தெருவிளக்கும் இருக்காது. டார்ச் எடுத்துக்கொண்டு, ஒளி பிரதிபலிக்கும் மேலாடை போட்டுக்கொண்டு, எதிரே வரும் வண்டி தெரியும்படி சாலையின் வலது ஓரமாக நடங்கள். சாலை விதிநூலான ஹைவே கோடு சொல்வதும் அதுதான். இன்னும் நல்லது, இரண்டாம் வாரமே காரில் வருகிறவர் ஒருவரிடம் கேட்டுவிடுவது. பெட்ரோலுக்குக் காசு நீட்டினால் வாங்க மாட்டார். கிறிஸ்துமஸுக்கு முறுக்கு செய்து கொடுங்கள்.

ஹஃப்லா

டேர்ம் முடிவில் ஹஃப்லா வைப்பார்கள். அரபு மொழியில் விருந்துக் கொண்டாட்டம்; இங்கிலாந்து பெல்லி டான்ஸ் உலகில் அது ஆளுக்கு மூன்று நான்கு நிமிடம் ஆடிக்காட்டும் மாலை. சுற்றுவட்டார வகுப்புகளும் வரும். ரேஃபிள் சீட்டு விற்பார்கள். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுபோக வேண்டும். வடையோ சமோசாவோ எடுத்துப் போனால் முதலில் தீர்வது அதுதான். ஆனால் முந்திரி, நிலக்கடலை சேர்த்திருந்தால் ஒரு சீட்டில் எழுதிப் பக்கத்தில் வையுங்கள். அங்கே பலருக்கு ஒவ்வாமை உண்டு, அதை விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை.

ஆடுகிறவர்கள் ஜிகினா உடைமேல் நீண்ட அங்கி போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள். மேடைக்குப் போகும்போது மட்டும் கழற்றுவார்கள். நீங்கள் ஆட வேண்டிய கட்டாயம் இல்லை. பார்வையாளராகப் போனால் உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. ஆட்டம் சூடு பிடிக்கும்போது ஸகாரீத் என்று நாக்கைச் சுழற்றி எழுப்பும் ஒலி அரபுப் பெண்களின் வழக்கம். நம் ஊர்க் குலவையேதான். ஆங்கிலேயப் பெண்கள் பாதிப்பேருக்கு அது வராது. தொண்டையில் கத்திப் பார்ப்பார்கள். நீங்கள் ஒரு குலவை போடுங்கள், கூடம் திரும்பிப் பார்க்கும்.

கோடையில் ஊர்த் திருவிழாவில், புல்வெளியில், காலில் மணி கட்டிய மோரிஸ் என்னும் ஆங்கிலேய நாட்டுப்புற ஆட்டக்காரர்களுக்கு அடுத்து ஆடச் சொல்வார்கள். விருப்பமிருந்தால் ஆடுங்கள். அரபு உடையையும் அரபுப் பெயரையும் மாட்டிக்கொண்டு வெளியார் ஆடுவது சரியா என்ற விவாதம் அந்த வட்டாரத்தில் உண்டு. அரபு அமெரிக்க எழுத்தாளர் ராண்டா ஜர்ரார் 2014-இல் கடுமையாக எழுதிய கட்டுரைக்குப் பிறகு அது இன்னும் சூடானது. எகிப்தியரைக் கேலிச்சித்திரம் ஆக்காமல், இசையின் பெயரும் அதைப் பாடியவர் பெயரும் தெரிந்து, சொந்தப் பெயரிலேயே ஆடினால் பெரிதாகக் குறை சொல்ல இடமிருக்காது என்பது என் எண்ணம்.

சேர்வதற்கு நல்ல சமயங்கள் இரண்டு. வகுப்புகள் பள்ளி டேர்ம்களை ஒட்டியே நடக்கும். ஆகஸ்டில் பெரும்பாலும் விடுமுறை, செப்டம்பரில் தொடக்க நிலை புதிதாக ஆரம்பிக்கும். ஜனவரியில் புத்தாண்டுச் சபதக்காரர்களால் கூட்டம் நெரியும். பிப்ரவரி ஹாஃப் டேர்முக்குள் அதில் பாதி கரைந்துவிடும், மிச்சமிருப்பவர்களுக்கு ஆசிரியரின் கவனம் நிறையக் கிடைக்கும். செப்டம்பரில் சேர நினைப்பவர்கள் ஆகஸ்ட் கடைசி வாரத்தில் ஃபோன் செய்துவிடுங்கள். சின்னக் கூடங்களில் பன்னிரண்டு, பதினைந்து பேரோடு நிறுத்திக்கொள்வார்கள்.